தீர்ந்துபோன பொங்கல்: டெம்ப்ளேட்டுகளில் லூப்பும் நிபந்தனையும்

காலை ஒன்பதரை மணி வாக்கில் ஏதாவது ஒரு டிபன் கடையின் கரும்பலகையைப் பாருங்கள். ஆறு மணிக்கு எழுதியது: இட்லி, பொங்கல், வடை, பூரி, ரவா தோசை. அதற்குள் பொங்கல் தீர்ந்திருக்கும். சில கடைக்காரர்கள் ஈரத்துணியால் அந்த வரியைத் துடைத்துவிடுவார்கள். சிலர் துடைக்கமாட்டார்கள், பக்கத்தில் ‘தீர்ந்தது’ என்று எழுதுவார்கள், நாளைக்காவது சீக்கிரம் வரட்டும் என்ற கணக்கில். பத்தரைக்கு எல்லாமே தீர்ந்துவிட்டால் வெறும் பலகையை யாரும் மாட்டிவைப்பதில்லை. ‘டிபன் முடிந்தது, சாப்பாடு 12 மணிக்கு’ என்று ஒரு வரி வரும். கடைக்கே விடுமுறை என்றால் பலகை வெளியிலேயே வராது.

துடைப்பது ஒரு வேலை. பக்கத்தில் எழுதுவது வேறு வேலை. காலியான பலகையில் மாற்றுச் செய்தி எழுதுவதும், பலகையையே உள்ளே வைத்துவிடுவதும் மற்ற இரண்டு. கடைக்காரருக்கு இதில் குழப்பமே வருவதில்லை. அதே பட்டியலை இணையப் பக்கமாகச் செய்யும் நிரலாளருக்கு வருகிறது. ஏனென்றால் அவர் கையிலிருக்கும் மொழியில் இந்த நான்குக்கும் பெரும்பாலும் ஒரே சொல்தான், ‘இஃப்’. அதை லூப்புக்கு வெளியே வைப்பதா, உள்ளே வைப்பதா, லூப்பின் தோளிலேயே ஏற்றிவிடுவதா என்பதில் டெம்ப்ளேட் மொழிகள் கால் நூற்றாண்டாக ஒன்றோடொன்று உடன்படவில்லை. எது முதலில் ஓடும் என்பதைப் பற்றித்தான் சண்டை நடக்கிறது. என் கணக்கில் கேட்கவேண்டிய கேள்வி அதுவல்ல: இந்த நிபந்தனை யாரைப் பற்றியது? பலகையைப் பற்றியதா, பட்டியலைப் பற்றியதா, பொங்கலைப் பற்றியதா?

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. டெம்ப்ளேட் என்பது அங்கங்கே ஓட்டை விட்ட எச்டிஎம்எல். தரவு வந்து ஓட்டையை நிரப்பும். பட்டியலின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வரைய லூப் வேண்டும். (நம் பள்ளிப் பாடநூல்கள் ‘மடக்கு’ என்கின்றன. வேலை செய்யும் இடத்தில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.) வரைவதா வேண்டாமா என்று முடிவெடுக்க நிபந்தனை வேண்டும். தனித்தனியாக இரண்டும் முதல் வாரத்திலேயே பழகிவிடும். சிக்கல் இரண்டும் சந்திக்கும் இடத்தில்.

அந்தச் சந்திப்பில் அதிகம் பேர் தடுக்கி விழுந்தது வ்யூவில். இவான் யூ 2014இல் வெளியிட்ட இந்தக் கட்டமைப்பில் லூப்பும் நிபந்தனையும் எச்டிஎம்எல் டேகின் ஆட்ரிபியூட்டுகளாக உட்காரும். லூப்புக்கு வி-ஃபார், நிபந்தனைக்கு வி-இஃப். ஒரே டேகில் ‘உணவுகளில் ஒவ்வோர் உணவும்’ என்று வி-ஃபாரும், ‘உணவு இருந்தால்’ என்று வி-இஃபும் எழுதிவைக்கிறோம் என்று கொள்வோம். வ்யூ 2 இதை நாம் நினைத்தபடியே புரிந்துகொண்டது. அதில் வி-ஃபாருக்கு முன்னுரிமை. உணவுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒவ்வொன்றிடமும் நிபந்தனையைக் கேட்டது. செப்டம்பர் 2020இல் வ்யூ 3 வந்தபோது இந்த முன்னுரிமை தலைகீழானது. இப்போது வி-இஃப்தான் முதலில் ஓடும். அது ஓடும் நேரத்தில் லூப் தொடங்கியே இருக்காது. ‘உணவு’ என்ற பெயரே பிறந்திருக்காது. பிறக்காத பிள்ளையிடம் ‘நீ தீர்ந்துவிட்டாயா’ என்று கேட்டால் என்ன ஆகும்? வரையும் நேரத்தில் வரையறுக்கப்படாத பெயர் என்ற எச்சரிக்கை வரும், பெரும்பாலும் அதன் பின்னாலேயே ஒரு பிழையும் வரும்.

எழுத்து மாறாத ஒரே வரி, இரண்டு பதிப்புகளில் இரண்டு பொருள். வ்யூ 2க்கான ஆதரவு 31 டிசம்பர் 2023இல் முடிந்துபோனதால் பழைய பயன்பாடுகளை மாற்றி எழுதியவர்கள் பலர் இந்த வரியில்தான் நின்றார்கள். வேடிக்கை என்னவென்றால், வ்யூ 2இன் கையேடு இந்தச் சேர்க்கையை ஒரு பக்கம் பரிந்துரைக்கவில்லை என்றது. அதே இடத்தில், சில உறுப்புகளை மட்டும் வரைய இது பயன்படும் என்று, முடிக்காத வேலைகளை மட்டும் காட்டும் எடுத்துக்காட்டையும் கொடுத்தது. அதே குழுவின் நடை வழிகாட்டியோ ‘வி-இஃபை வி-ஃபாரோடு சேர்க்காதே’ என்பதைக் கட்டாயம் என்ற முதல் வகுப்பிலேயே வைத்தது. இஎஸ்லின்ட் என்ற சோதனைக் கருவிக்கு வ்யூ குழு எழுதிய விதிகளிலும் இதற்கென்று தனி விதி உண்டு. வாசலில் ‘உள்ளே வராதே’ என்று எழுதிவிட்டு நாற்காலியும் போட்டுவைத்ததுபோல.

இந்தக் குழப்பத்துக்கு வ்யூ குழுவை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. வேர் எச்டிஎம்எல்லில் இருக்கிறது. ஒரு டேகின் ஆட்ரிபியூட்டுகளுக்கு வரிசை என்பதே கிடையாது. எதை முன்னால் எழுதினாலும் பொருள் ஒன்றுதான். அது ஒரு வாக்கியம் அல்ல, பையில் போட்டுக் குலுக்கிய சொற்கள். லூப்பும் நிபந்தனையுமோ வரிசையில் உயிர்வாழ்பவை. வரிசையில்லாத பையில் அவற்றைப் போட்டால் எடுக்கும் வரிசையை யாராவது வெளியிலிருந்து விதித்தே ஆகவேண்டும்.

அப்படி விதித்தவர்கள் ஒருவரல்ல. ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக விதித்தார்கள். ஸோப் என்ற பைத்தான் வலைப் பயன்பாட்டு சர்வரின் டிஏஎல் மொழியில் நிபந்தனை முதலில், திரும்பச்செய்தல் பிறகு. ஜாவாக்காரர்களின் தைம்லீஃபில் லூப் இரண்டாம் இடம், நிபந்தனை மூன்றாம் இடம் என்று வரிசை அட்டவணையே இருக்கிறது. ஆங்குலர்ஜேஎஸ்ஸில் இன்னும் வெளிப்படை: என்ஜி-ரிபீட்டின் முன்னுரிமை எண் 1000, என்ஜி-இஃபின் எண் 600, பெரிய எண் முதலில் ஓடும், ஆகவே லூப்தான் முதலில். இவான் யூ கூகுளில் ஆங்குலர்ஜேஎஸ்ஸோடு பழகியவர். வ்யூ 2 லூப்பை முன்னால் வைத்ததில் அந்தப் பழக்கத்தின் வாசனை எனக்கு அடிக்கிறது. வ்யூ 3இல் அவர்கள் போய்ச் சேர்ந்த இடமோ, அறிந்தோ அறியாமலோ, டிஏஎல்லின் பழைய வீடு.

இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது என்பதுதான் தொல்லை. ‘கடை திறந்திருந்தால்’ என்பது நிபந்தனை என்றால் நிபந்தனையை முன்னால் ஓட்டுவதே சரி. மூடிய கடையின் ஐம்பது உணவுகளிடமும் தனித்தனியாகப் போய்க் ‘கடை திறந்திருக்கிறதா’ என்று கேட்பது வீண். ‘உணவு இருந்தால்’ என்பது நிபந்தனை என்றால் லூப்பை முன்னால் ஓட்டுவதே சரி. முதலாவது வாசல், இரண்டாவது சல்லடை. ஒரே இடத்தில் எழுதினால் எது வாசல், எது சல்லடை என்று கருவிக்குத் தெரியாது. வ்யூ 2 எல்லாவற்றையும் சல்லடை என்று எடுத்துக்கொண்டது, வ்யூ 3 எல்லாவற்றையும் வாசல் என்று எடுத்துக்கொள்கிறது.

தமிழில் இதே கயிறு இரண்டு விதமாக முறுக்கப்படும். ‘உணவுகளை எழுது, இருந்தால்’ என்று சொன்னால் எது இருந்தால் என்ற கேள்வி தொங்கும். சாக்பீஸ் இருந்தாலா, உணவு இருந்தாலா? ‘இருக்கும் உணவுகளை எழுது’ என்றால் ஐயமே இல்லை. பெயரெச்சம் பெயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வருகிறது. வினை வருவதற்கு முன்பே தேர்வு முடிந்துவிடுகிறது. வ்யூவின் நடை வழிகாட்டி சொல்லும் திருத்தமும் இந்தப் பெயரெச்சம்தான்: ‘இருக்கும்உணவுகள்’ என்று ஒரு கணிக்கப்பட்ட மதிப்பை, அதாவது கம்ப்யூட்டட் பிராப்பர்ட்டியை, நிரல் பகுதியில் உண்டாக்கிவிடு, டெம்ப்ளேட்டில் அதன்மேல் வெறும் லூப் ஓட்டு. வாசல் நிபந்தனையாக இருந்தால் அதை வெளியிலுள்ள பெற்றோர் டேகுக்கு ஏற்றிவிடு. இரண்டுமே முடியாத இடத்தில், பக்கத்தில் தடம் பதிக்காத ‘டெம்ப்ளேட்’ டேக் ஒன்றில் லூப்பை வைத்து உள்ளே நிபந்தனையை வை.

2016இல் முழுதாக மாற்றி எழுதப்பட்டு வந்த ஆங்குலர், சமரசமே பேசாமல் கதவைச் சாத்தியது. நட்சத்திரக் குறி போட்ட என்ஜிஇஃப், என்ஜிஃபார் இரண்டையும் ஒரே டேகில் வைத்தால் நிரல் தொகுப்பிலேயே பிழை. ‘ஒரு டேகில் ஒன்றுதான்’ என்று சொல்லிவிட்டு, இரண்டாவதை வைக்க என்ஜி-கன்டெய்னர் என்ற கண்ணுக்குத் தெரியாத உறையையும் கொடுத்தது. எரிச்சலூட்டும் விதி, ஆனால் பிழை இரவு பதினோரு மணிக்கு வாடிக்கையாளர் திரையில் வருவதைவிடக் காலையில் நிரலாளர் திரையில் வருவது மேல். நவம்பர் 2023இல் ஆங்குலர் 17 இன்னொரு படி போனது. ஆட்ரிபியூட் பையையே விட்டுவிட்டு, @ குறியோடு தொடங்கும் இஃப், ஃபார் கட்டங்களைக் கொண்டுவந்தது. கட்டத்துக்குள் கட்டம் என்பதால் எது வெளியே, எது உள்ளே என்பதை உள்தள்ளலே காட்டிக்கொடுக்கும். பழைய நட்சத்திர வடிவங்கள் 2025இன் ஆங்குலர் 20இல் கைவிடப்படுபவை என்று முத்திரை குத்தப்பட்டன.

கட்ட வடிவம் புதிதல்ல. சர்வரில் ஓடும் டெம்ப்ளேட்டுகள் பல ஆண்டுகளாக அப்படித்தான் எழுதப்பட்டுவந்தன. முன்பக்கக் கட்டமைப்புகள் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்திருக்கின்றன. 2016இல் ரிச் ஹாரிஸ் தொடங்கிய ஸ்வெல்ட் ஆரம்பத்திலிருந்தே ஈச், இஃப் கட்டங்களோடுதான் இருக்கிறது. எது முதலில் என்ற விவாதம் அங்கே எழவே இடமில்லை.

கட்ட வடிவில் எழுதும் அந்தப் பழைய மொழிகளில் சிலவற்றின் கூர்மையைப் பார்த்தால் பொறாமை வரும். 1999இல் தரப்படுத்தப்பட்ட எக்ஸ்எஸ்எல்டியில் லூப்பிலேயே சதுர அடைப்புக்குள் தேர்வை எழுதிவிடலாம். லூப் தொடங்கும்போதே சல்லடை முடிந்திருக்கும். பைத்தான் உலகின் ஜின்ஜாவில் ‘ஃபார் உணவு இன் உணவுகள் இஃப் உணவு.இருக்கிறது’ என்று ஒரே வரி. இதில் மூன்று நல்ல காரியங்கள் சேர்ந்து நடக்கின்றன. வரிசை இலக்கணத்திலேயே இருக்கிறது. வரிசை எண் தரும் லூப் மாறி, தேர்வில் விழுந்தவற்றை எண்ணாமல் சரியாக எண்ணுகிறது. பட்டியல் காலியாக இருந்தாலும், பட்டியலில் நூறு இருந்து நூறையும் சல்லடை தள்ளிவிட்டாலும், ‘எல்ஸ்’ பகுதி ஓடுகிறது. டிபன் முடிந்தது என்ற வரி தானாக வந்துவிடும்.

பிஎச்பி உலகின் ட்விக் இதே வடிவத்தை எடுத்துக்கொண்டது, பிறகு 2.10 பதிப்பில் கைவிடப்படுவதாக அறிவித்து 3.0இல் நீக்கியே விட்டது. நிபந்தனையோடு லூப் ஓட்டினால் மொத்த நீளம், கடைசி உறுப்பா என்பது போன்ற தகவல்களை ட்விக்கால் தரமுடியாமல் இருந்தது. எத்தனை தேறும் என்று ஓடி முடிக்கும்வரை தெரியாதல்லவா? அதற்குப் பதிலாக ஃபில்டர் என்ற வடிகட்டியைப் பட்டியலின்மேல் முதலில் போட்டுவிட்டு லூப்பை ஓட்டு என்றார்கள். ஜின்ஜாவின் அழகில் எனக்கு மயக்கம் உண்டென்றாலும், ட்விக் எடுத்த முடிவே நேர்மையானது என்று படுகிறது. சல்லடையும் லூப்பும் இரண்டு வேலை. ஒரே வரியில் இருந்தாலும் இரண்டு வேலைதான்.

இதற்கு நேர் எதிர்த் துருவத்தில் இருப்பது 2009இல் கிறிஸ் வான்ஸ்ட்ராத் எழுதிய மஸ்டாஷ். அதில் லூப்பும் இல்லை, இஃபும் இல்லை. ‘செக்‌ஷன்’ என்ற ஒன்றுதான். பெயருக்குப் பின்னால் பட்டியல் இருந்தால் உறுப்பு தோறும் வரையும். உண்மை மதிப்பு இருந்தால் ஒருமுறை வரையும். பொய்யோ காலிப் பட்டியலோ இருந்தால் வரையாது. நிபந்தனை என்பது ஒரே ஒருமுறை ஓடும் லூப், அல்லது ஒருமுறைகூட ஓடாத லூப் என்ற கண்டுபிடிப்பு அது. தர்க்கமே இல்லாத டெம்ப்ளேட் என்று இதைச் சொல்வார்கள். டெம்ப்ளேட் எதைக் கணக்கிடக்கூடாது என்பதை டெரன்ஸ் பார் 2004இல் ஓர் ஆய்வுரையில் கறாராக வரையறுத்திருந்தார். மஸ்டாஷ் அந்தக் கறாரை நடைமுறையில் வாழ்ந்து காட்டியது. ஆனால் மனிதர்கள் அவ்வளவு கறாரைத் தாங்குவதில்லை. 2010இல் யெகுடா காட்ஸின் ஹேண்டில்பார்ஸ் அதே மீசையின்மேல் ஈச், இஃப் இரண்டையும் திரும்பக் கொண்டுவந்து வைத்தது.

ரியாக்ட் இந்த மொத்த விவாதத்துக்கும் வெளியே நிற்பதாகச் சொல்லிக்கொள்ளும். மே 2013இல் வெளிவந்த நாள் முதல் அதன் வாதம் ஒன்றுதான்: தனி டெம்ப்ளேட் மொழி எதற்கு, ஜாவாஸ்கிரிப்ட் இருக்கிறதே? பட்டியலை ஃபில்டர் செய், மேப் செய், முடிந்தது. வரிசை புள்ளி வைத்துக் கோத்த சங்கிலியில் இடமிருந்து வலமாகத் தெரிகிறது. முன்னுரிமைச் சண்டை உண்மையிலேயே அங்கே இல்லை. வேறு சண்டை உண்டு. ரியாக்டில் எழுதும் ஜேஎஸ்எக்ஸ் வடிவத்தின் சுருள் அடைப்புக்குள் மதிப்புத் தரும் கோவைகள் மட்டுமே நுழையலாம். ஜாவாஸ்கிரிப்டின் இஃப் மதிப்புத் தராது. ஆகவே கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் போட்ட மும்மைக் கோவை, இல்லையென்றால் && குறி. ‘உணவுகளின் எண்ணிக்கை && பட்டியல்’ என்று எழுதுவார்கள். எண்ணிக்கை சுழியாகும் நாளில் பட்டியல் மறையும். அதற்குப் பதிலாகப் பக்கத்தில் தனியாக ஒரு 0 நிற்கும். && குறி, இடப்பக்கம் பொய்யாக இருந்தால் அந்த இடப்பக்க மதிப்பையே திருப்பித் தரும்; ரியாக்ட் ஃபால்ஸ், நல் போன்றவற்றை வரையாது, ஆனால் சுழியை எண் என்று மதித்து வரைந்துவிடும். ‘எண்ணிக்கை சுழியைவிடப் பெரிது’ என்று முழுதாக எழுதினால் போதும். இருந்தும் கடைகளின் வலைத்தளங்களில் அநாதையான அந்த 0வை இன்றும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் எதில் எழுதப்பட்டது என்று தெரிந்துவிடுகிறது.

தோற்றத்தில் ரியாக்டைப் போலவே இருக்கும் சாலிடில் இதே மேப் வேறு விளைவு தரும். அங்கே கம்போனென்ட் ஒருமுறைதான் ஓடும். பட்டியல் மாறும்போது வெறும் மேப் எல்லா வரிகளையும் புதிதாக உண்டாக்கிவிடும். அதனால் ஃபார், ஷோ என்று தனி உறுப்புகளைக் கொடுத்திருக்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்ட் போதும் என்பது எப்போதும் போதுமானதல்ல.

எது முதலில் என்பது தீர்ந்தாலும் வரிசை எண் என்ற பூதம் மிச்சமிருக்கும். லூப்புக்குள் நிபந்தனை வைத்தால் எண் மூலப் பட்டியலின் எண். பலகையில் 1 இட்லி, 3 வடை, 4 பூரி என்று ஓட்டையோடு வரும். வடிகட்டிய பட்டியலின்மேல் லூப் ஓட்டினால் 1, 2, 3 என்று அழகாக வரும். வரிகளுக்கு மாறி மாறி நிறம் கொடுப்பதிலும் இதே கதை. எண்ணை வைத்து வகுப்புப் பெயர் கொடுத்தால் அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஒரே நிறமாகிவிடும். சிஎஸ்எஸ்ஸின் என்த்-சைல்டிடம் விட்டால் அது வரையப்பட்டதை மட்டும் எண்ணும். இது அழகுப் பிரச்சினை, தாங்கிக்கொள்ளலாம்.

தாங்கமுடியாதது பொத்தான். நான் ஒருமுறை பட்ட அடி இது. ஆர்டர்களைக் கையாளும் ஒரு பக்கம். ‘இன்றைய ஆர்டர் மட்டும்’ என்று வடிகட்டி, ஒவ்வொரு வரியிலும் ‘ரத்து செய்’ பொத்தான் வைத்திருந்தேன். பொத்தான் அனுப்பியது வரிசை எண்ணை. வடிகட்டிய பட்டியலில் இரண்டாவதாக இருந்தவர் மூலப் பட்டியலில் பதினேழாவது. ரத்தானதோ மூலப் பட்டியலின் இரண்டாவது ஆள், போன வாரமே சாமான் வாங்கிப் போனவர். அன்றிலிருந்து எண்ணை அனுப்புவதில்லை, ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய அடையாளத்தைத்தான் அனுப்புகிறேன்.

அடையாளம் என்ற சொல் இன்னொரு கதவைத் திறக்கிறது. ரியாக்ட், வ்யூ இரண்டும் லூப்பின் ஒவ்வொரு வரிக்கும் ‘கீ’ கேட்கும், ஸ்வெல்டில் விருப்பம், புதிய ஆங்குலரின் ஃபாரில் ‘டிராக்’ எழுதாவிட்டால் தொகுக்கவே செய்யாது. பட்டியல் மாறும்போது பழைய வரிகளில் எது புதிய வரிகளில் எது என்று பொருத்திப்பார்க்க இந்தக் கீ. அதில் வரிசை எண்ணைப் போட்டுவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எச்சரிக்கை வராமலிருக்க அது போதும். நிபந்தனை மாறாதவரை ஒன்றும் தெரியாது. இப்போது பலகையில் ஒவ்வோர் உணவுக்கும் பக்கத்தில் ‘எத்தனை’ என்று ஒரு பெட்டி இருக்கிறது என்று வையுங்கள். ஒருவர் பொங்கலுக்கு 2 என்று தட்டுகிறார். அந்த நொடி பொங்கல் தீர்ந்து பட்டியலிலிருந்து விழுகிறது. இரண்டாம் இடத்துக்கு வடை ஏறிவருகிறது. கருவியின் கண்ணுக்கு இரண்டாம் வரி இரண்டாம் வரிதான். பெயரை மாற்றிவிட்டுப் பெட்டியை அப்படியே விட்டுவிடுகிறது. கேட்காத வடை இரண்டு தட்டுக்கு வருகிறது. சல்லடை இருக்கும் பட்டியலில் எண்ணைக் கீயாக வைப்பது, சீட்டு மாறினாலும் டோக்கன் மாறாத வரிசை.

காலிப் பலகைக்கு வருவோம். ஜாங்கோ 2009இல் ஃபார் கட்டத்துக்குள் ‘எம்ப்டி’ என்ற பகுதியைச் சேர்த்தது. லாராவெலின் பிளேடில் ஃபோர்எல்ஸ் இருக்கிறது, ஸ்வெல்டின் ஈச்சில் எல்ஸ் இருக்கிறது, ஆங்குலர் 17இன் ஃபாருக்குக் கூடவே எம்ப்டி வந்தது. லூப்பும் நிபந்தனையும் சேரும் இடங்களிலேயே அடிக்கடி தேவைப்படும் சேர்க்கை இது என்பதற்கு இத்தனை மொழிகளும் சாட்சி. வ்யூவின் வி-ஃபாருக்கு இப்படி ஓர் எல்ஸ் இல்லை. நீளத்தைச் சோதிக்கும் வி-இஃபை வெளியே நாமே எழுதவேண்டும். ஆனால் இந்த எம்ப்டிகளில் பெரும்பாலானவை பட்டியலின் வாயை மட்டும்தான் பார்க்கும். ஐந்து உணவுள்ள பட்டியலில் லூப் ஓட்டி, உள்ளே இஃப் வைத்து, ஐந்தும் தீர்ந்துபோயிருந்தால்? பட்டியல் காலியில்லை, ஆகவே எம்ப்டி ஓடாது. எதுவும் வரையப்படவில்லை, ஆகவே திரையிலும் ஒன்றுமில்லை. வாடிக்கையாளர் வெள்ளைத் திரையைப் பார்த்து இணையம் போய்விட்டதோ என்று வைஃபையை அணைத்துப் போடுவார். உள்ளே உட்கார்ந்த நிபந்தனைக்குத் தன் வரி மட்டும்தான் தெரியும், மற்ற நான்கு பேருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. ‘ஒன்றுகூடத் தேறவில்லை’ என்பது பட்டியலைப் பற்றிய செய்தி. அதைப் பட்டியல் இருக்கும் மட்டத்தில்தான் கேட்கமுடியும். சல்லடையை லூப்புக்கு முன்னால் கொண்டுவர எனக்குத் தெரிந்த காரணங்களில் வலுவானது இதுவே.

வலுவில்லாத காரணம், எல்லோரும் முதலில் சொல்வது: வேகம். வ்யூவின் வழிகாட்டியும் இதைத்தான் முன்னால் வைத்தது. நூறு பேரில் சிலரை மட்டும் காட்ட, ஒவ்வொரு முறை வரையும்போதும் நூறு பேரையும் சுற்றிவரவேண்டியிருக்கிறது. கணிக்கப்பட்ட மதிப்பாக வைத்தால் மூலத் தரவு மாறும்போது மட்டும் மறுகணக்கு. உண்மைதான். ஆனால் நூறு முறை ‘இருக்கிறாயா’ என்று கேட்பது இன்றைய கைப்பேசிக்குக்கூட ஒரு பொருட்டில்லை. பக்கத்தில் டேகுகளை உண்டாக்குவதும் அழிப்பதும்தான் செலவு, அது இரண்டு முறையிலும் ஒன்றே. பத்தாயிரம் வரி என்றால் வேறு பேச்சு, அங்கே சல்லடை எங்கே இருந்தாலும் பத்தாது, கண்ணில் படும் வரிகளை மட்டும் வரையும் உத்தி வேண்டும். வேகத்தைக் காட்டி ஒரு விதியை விற்றால், யாராவது அளந்துபார்த்து வித்தியாசமில்லை என்று கண்ட அன்று விதியும் போய்விடும், அதன் உண்மையான காரணமும் கூடவே போய்விடும்.

ஆங்குலர் குழு வேகத்தைப் பற்றி வேறு கோணத்தில் பட்டு அறிந்தது. ஆங்குலர்ஜேஎஸ்ஸில் லூப்பின் உள்ளேயே குழாய்க்கோடு போட்டு ஃபில்டர் எழுதும் வசதி இருந்தது. வ்யூ 1இலும் ஃபில்டர்பை என்று அதன் தம்பி இருந்தது. மக்கள் ஆசையோடு பயன்படுத்தினார்கள், பக்கங்கள் திணறின. புதிய ஆங்குலர் அந்த வடிகட்டியை வேண்டுமென்றே தரவில்லை, வ்யூ 2 அதை எடுத்துவிட்டது. தேர்வை நிரல் பகுதியில் செய் என்பதே இரண்டு குழுக்களும் கொடுத்த பதில்.

நிரல் பகுதியில் என்றால் எந்த நிரல்? முன்பக்கத்தில் எழுதும் எந்த நிபந்தனையும் பூட்டு அல்ல. வி-இஃப் பொய்யானால் டேக் உருவாகாது. தரவு ஏற்கனவே உலாவிக்கு வந்துவிட்டது. வி-ஷோ இன்னும் மோசம், டேகும் இருக்கும், சிஎஸ்எஸ் மட்டும் மறைத்திருக்கும். ‘நிர்வாகிக்கு மட்டும்’ என்ற வரிகளை லூப்புக்குள் இஃப் போட்டு மறைத்துவிட்டதாக நிம்மதியாக இருப்பவர்கள், உலாவியின் நெட்வொர்க் பலகத்தை ஒருமுறை திறந்துபார்ப்பது நல்லது. பார்க்கக்கூடாதவற்றைத் தள்ளும் சல்லடை சர்வரில், தரவுத்தளக் கேள்வியின் ‘வேர்’ (where) பகுதியிலேயே இருக்கவேண்டும். பயனர் தட்டித் தட்டி மாற்றும் தேர்வு, ‘சைவம் மட்டும்’, ‘நாற்பது ரூபாய்க்குள்’ என்பவை, முன்பக்க நிரலில் இருக்கலாம்.

அப்படியென்றால் லூப்புக்குள் இஃபே கூடாதா? அதுவும் தப்பான விரதம். ‘தீர்ந்தது’ என்று பக்கத்தில் எழுதும் கடைக்காரரை மறந்துவிடக்கூடாது. வரி இருக்கிறது, அதன் உடை மாறுகிறது. சைவமா என்பதற்குப் பச்சைப் புள்ளி, சலுகை இருந்தால் பழைய விலையின்மேல் கோடு, படம் இல்லாவிட்டால் வெறும் பெயர். இவை அந்த ஒரு வரியைப் பற்றிய நிபந்தனைகள், வரிக்குள்தான் இருக்கவேண்டும். இதையும் வெளியே கொண்டுபோகிறேன் என்று தீர்ந்தவை, தீராதவை என இரண்டு பட்டியலாகப் பிரித்து இரண்டு லூப் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். வரிசை குலைந்து பொங்கல் அடியில் போய் உட்கார்ந்திருந்தது. வரிக்குள் நிபந்தனைகள் நாலைந்தைத் தாண்டினால், வரியை ‘உணவுவரி’ என்று தனிக் கம்போனென்டாக வெட்டி எடுத்துவிட்டால் லூப் மறுபடி ஒற்றை வரியாகிவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு ஓர் இடம் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடாமல் நழுவுகிறது. சல்லடையை முன்னால் வைத்தோம், பொங்கல் பட்டியலிலிருந்து போனது. ஆனால் வடிவமைப்பாளர் சும்மா இருப்பாரா? வரி சட்டென்று மறையக்கூடாது, கால் நொடி மங்கி, சுருங்கி, பிறகு போகவேண்டும் என்கிறார். அந்தக் கால் நொடியில் தரவைக் கேட்டால் பொங்கல் இல்லை. திரையைப் பார்த்தால் இருக்கிறது. வ்யூவின் டிரான்சிஷன்குரூப் போகும் டேகை அசைவு முடியும்வரை கையைப் பிடித்து நிறுத்திவைக்கிறது, ஸ்வெல்டும் அப்படியே. ரியாக்டில் இதற்கு உள்வசதி இல்லாததால் வெளியிலிருந்து ஒரு நூலகத்தைக் கொண்டுவருகிறார்கள். துணியால் துடைத்த பிறகும் பலகையில் ஈரம் காயும்வரை எழுத்து தெரியுமே, அதுபோல. அந்த நேரத்தில் யாராவது விரலை நீட்டி அந்த வரியைத் தட்டினால், அவருக்குப் பொங்கல் உண்டா இல்லையா?